நைதனா என்று யார் சொன்னது?

பீரோட்,
9 பிப்ரவரி 1986, ஞாயிறு

அன்பு மகள் ருமெனாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். என் முதுகு மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்ததால் நானே சொல்லிவிட்டேன். வியன்னாவில் பனி எப்படி, மாப்பிள்ளை மிலுதினின் மீசை எப்படி என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். ஆனால் இன்று என் மனதில் வேறு விஷயம் குடைகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையை எனக்கு முன்னால் யாரோ பிரித்திருந்தார்கள். அரசாங்கம் என்று நினைத்து ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. தொட்டுப் பார்த்தால் கோந்து இன்னும் ஈரம். அரசாங்கம் நம் சமையலறையில்தான் உட்கார்ந்து குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தது. உன் அம்மா படித்துவிட்டு, மறுபடி ஒட்டி, ஒன்றும் தெரியாதவள் போல மேசையில் வைத்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே துப்பறிய வேண்டியிருக்கிறது.

மே மாதம் குழந்தை என்று எழுதியிருந்தாய். படித்ததும் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். முதுகு அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. "வெனெதா, நான் தாத்தா ஆகப்போறேன்" என்றேன். அவள் "ம்" என்றாள். உனக்குக் கல்யாணம் ஆன நாலு வருஷமாக, தெருவில் எவர் தள்ளுவண்டியைப் பார்த்தாலும் உள்ளே தலையை விட்டுப் பார்க்கிற பெண் அவள். அவள் சொன்னது வெறும் "ம்". முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

இரண்டாவது, அந்தப் பெயர். பெண் பிறந்தால் நைதனா, பையன் பிறந்தால் நைதன், முடிவாகிவிட்டது, விவாதம் வேண்டாம் என்கிறாய். யார் முடிவு செய்தது? இந்த ஊரில் இப்போது பிறக்கிற பெண்களெல்லாம் சான்யா, மரீனா, தானியேலா. நைதனாவை நான் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சந்தித்ததில்லை. எங்கோ ஒரு மூளை இதற்குப் பின்னால் வேலை செய்திருக்கிறது. உன் மூளை என்று நம்ப மாட்டேன், ஏனென்றால் அதில் பாதி என்னுடையது.

முதலில் சம்பந்தியம்மா தொதோர்காவைச் சந்தேகப்பட்டேன். அவர்கள் வீட்டுப் பழைய கிழவி யாருக்காவது இந்தப் பெயர் இருந்திருக்கும், அதைப் பேத்தி தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பாட்டில் மிளகாய் விழுதை எடுத்துக்கொண்டு போனேன். தொதோர்கா என்னைவிடக் கோபமாக இருந்தாள். "எங்க வம்சத்துல அப்படி ஒருத்தியும் கெடையாது சம்பந்தி. என் பேரை வெச்சா என்னவாம்? தொதோர்காங்கிற பேருல முள்ளா இருக்கு?" என்றாள். முள் இல்லை என்று மூன்று முறை சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. விழுதை ருசி பார்க்கிறேன் என்று வாங்கியவள் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. பீரோட்காரர்கள் கஞ்சர்கள் என்று நாடு முழுக்கச் சிரிப்பது சும்மா இல்லை. ஆனால் அவள் நிரபராதி.

பிறகு அம்மாவிடம் வந்தேன். அவள் பின்னிக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் நூலை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ போன பிறகு வாங்கியது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில், ஒரு சின்னச் சட்டை முக்கால்வாசி பின்னினாள். திடீரென்று ஒரு நாள் பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டாள். "கழுத்து சரியா வரல" என்றாள். அடுத்த வருஷக் குளிர்காலத்தில் அதே நூல், அதே சட்டை, மறுபடி உருண்டை. "கை சரியா வரல." யாருக்கு என்று கேட்டதற்கு, "பொறக்கறவங்களுக்கு" என்றாள். உனக்குத்தான் என் குணம் தெரியுமே. தொழிற்சாலைச் செய்தித்தாளில் என் சிரிப்புப் பத்தியில் அதை எழுதிவிட்டேன்: நம் டயர் பிரிவின் ஐந்தாண்டுத் திட்டத்தை என் மனைவிதான் வகுத்திருக்க வேண்டும், இரண்டு வருஷமாக ஒரே சட்டை, இன்னும் கை முளைக்கவில்லை என்று. ஷிப்டே விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நகைச்சுவை உணர்ச்சி இல்லாத குடும்பத்தில் பெண் எடுத்தது என் தவறு.

இப்போது மறுபடி அந்த மஞ்சள் நூலை எடுத்திருக்கிறாள். பெயரைப் பற்றிக் கேட்டால் கண்ணி எண்ணுகிறாள். "பன்னெண்டு, பதிமூணு, பேசாதீங்க."

ஆக மிஞ்சியது ஒரே ஒரு ஆள், கும் சோதிர். உங்கள் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவன். நாலு தலைமுறையாக மிலுதின் வீட்டுப் பிள்ளைகளுக்கு கும்மாக, அதாவது ஞானத்தந்தையாக, நிற்கிற வீடு அவனுடையது. பிள்ளைக்குப் பெயர் சொல்கிற உரிமை கும்முக்குத்தான், நமக்கெல்லாம் கேட்டுக்கொள்கிற உரிமைதான். சோதிரின் ரசனை எனக்குத் தெரியும், தன் நாய்க்கு ஜெனரல் என்று பெயர் வைத்தவன். அடுத்த வாரம் வியாழக்கிழமை முடிதிருத்தும் கடையில் அவனைப் பிடித்துக் கேட்டுவிடுகிறேன்.

நீ பாரம் தூக்காதே. சலவை நிலையத்தில் உன் மேஸ்திரி ஏதாவது சொன்னால் என் பெயரைச் சொல், அவனுக்கு என்னைத் தெரியாது என்றாலும்.

ஆசிகளோடு,
உன் அப்பா ராங்கெல்


பீரோட்,
2 மார்ச் 1986

அன்பு ருமெனாவுக்கு,

உன் பதில் வந்தது. நாலு வரி. சிக்கனத்தில் நீ வியன்னாக்காரியாகவில்லை, பீரோட்காரியாகவே இருக்கிறாய். பெயரைத் தோண்ட வேண்டாம் என்கிறாய். ஞானஸ்நானத்துக்குச் சோதிரைக் கூப்பிடப்போவதில்லை, வேறு கும், சோதிருக்கு நானே எழுதுவேன், அதுவரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்கிறாய். உன் கடிதம் போன வாரம் வெள்ளிக்கிழமை வந்தது, மகளே. நான் வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சோதிர் நாற்காலியில் சாய்ந்திருந்தான், பாதி முகத்தில் நுரை. நான் உள்ளே நுழைந்ததும், "கும், நல்ல பேருதான் புடிச்சே. எந்தப் பரண்ல கெடந்துச்சு?" என்றேன். "எந்தப் பேரு?" என்றான். "நைதனாதான். உன் ஞானப்பொண்ணு." கத்தி அந்தரத்தில் நின்றது. "யாரு சொன்னா அந்தப் பேரை?" என்று கேட்டான். "கும் நீதானே, நீ சொல்லாம வேற எவன் சொல்லுவான்?" என்றேன். சோதிர் துண்டை எடுத்து நுரையைத் துடைத்தான். தொப்பியைப் போட்டான். ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் மழிக்காமல், சந்தைத் தெரு வழியாக நடந்தே போய்விட்டான். முடிதிருத்துபவர் என்னைப் பார்த்து, "ராங்கெல் அண்ணே, நீங்க வாயைத் தொறக்கறப்பல்லாம் எனக்கு ஒரு வாடிக்கை போகுது" என்றார்.

அன்றிலிருந்து கேன்டீனில் சோதிர் என் மேசைக்கு வருவதில்லை. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து பீன்ஸ் சூப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இருபத்தாறு வருஷமாக எதிரெதிரே சாப்பிட்ட மனிதன். அவன் உங்களுக்கு என்ன செய்தான்? கல்யாணத்தில் கொஞ்சம் அதிகம் குடித்தான், அது எல்லாரும் செய்ததுதான், நான் மேசை மேலே ஏறினேன். ரத்த சொந்தத்தோடு கோர்ட்டுக்குப் போகிறவன்கூட கும் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றுகிற ஊர் இது. நாலு தலைமுறை வந்ததை ஒரு தபாலில் முறிப்பதா? மாப்பிள்ளை யாரோ ஆஸ்திரிய முதலாளியை கும்மாகப் பிடித்திருக்கிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் மறைக்காமல் சொல்.

நீ தோண்டாதே என்றதால் தோண்டினேன். பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். ரைனா முப்பது வருஷமாக இந்த ஊரில் பிறந்ததையும் செத்ததையும் எழுதுகிறவள். பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "யாருக்கு?" என்றாள். பத்திக்காக என்று பொய் சொன்னேன். பழைய தேவாலயப் பதிவேட்டை எடுத்துப் போட்டாள். இந்த மாவட்டத்திலேயே ஒரே ஒரு நைதனா, மலைமேல் கிராமம், 1911. பெயருக்கு அர்த்தம் கண்டெடுக்கப்பட்டவள் என்றாள். ஞானத்தந்தை என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'வழியே போன பானை வியாபாரி.' ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. "மேல இருக்கற வரியையும் படிங்க" என்றாள் ரைனா. அதே தாய் தகப்பன் பெயரில் மேலே இன்னும் சில வரிகள் இருந்தன. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன். அதைவிட, எனக்கு அவசரம். கண்டெடுக்கப்பட்டவள் என்ற வார்த்தையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். கோட்டில் ஆறு பொத்தான், ஆறும் போட்டிருக்கிறாய். வயிறு இருக்கிறதா இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. ருமெனா, ஏதாவது இல்லத்திலிருந்து ஒரு குழந்தையை எடுத்து வரப்போகிறீர்களா? அப்படியானால் தயங்காமல் எழுது. உன் அப்பா பழங்காலத்து ஆள் இல்லை. எங்கே கண்டெடுத்தாலும் எனக்குப் பேத்திதான், தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவேன், முதுகு போனால் போகட்டும். என்னிடம் மறைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறைக்கிறீர்கள் என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அம்மா இரண்டு தடவை வியன்னாவுக்கு வந்தாள். எண்பத்து மூன்று நவம்பரில், சுவருக்குக் காகிதம் ஒட்ட. எண்பத்து நாலு டிசம்பரில், மறுபடி சுவருக்குக் காகிதம் ஒட்ட. உங்களுக்கு இருப்பது ஒன்றரை அறை. அதில் எத்தனை சுவர்? முதல் தடவை பத்து நாள், இரண்டாவது தடவை மூன்று வாரம். வந்து இறங்கியபோது அவள் நகத்தில் ஒரு துளி கோந்து இல்லை. கடைகடையாக ஏறி இறங்கியிருப்பாள் என்று நினைத்துப் பெட்டியைச் சோதனை போட்டேன். புதுசாக ஒரு கைக்குட்டைகூட இல்லை. பழையதுதான் இருந்தது, ஏழெட்டு, எல்லாம் துவைத்து மடித்து.

சோதிருக்கு உடனே ஒரு வரி எழுது. மன்னிப்பு கேட்டால் நல்லது. நீ கேட்காவிட்டால் நான் கேட்க வேண்டும், எனக்கு அதில் பழக்கம் இல்லை.

அப்பா


பீரோட்,
23 மார்ச் 1986

என் ருமெனாவுக்கு,

புதன்கிழமை சோதிர் வந்தான். அம்மா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் அதைப் பார்த்துத்தான் வந்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. கல்யாணத்துக்குப் போட்ட சூட், இரண்டு கன்னமும் மழித்திருந்தது, ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் பிளம் சாராயம். கும்மாக வரும்போது எப்படி வர வேண்டுமோ அப்படி வந்தான். சண்டைக்கு வருகிறவன் ரொட்டியோடு வர மாட்டான் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சாராயத்தில் ஏதாவது கலந்திருப்பானோ என்று அவன் முதலில் குடிக்கும்வரை காத்திருந்தேன். அவனும் என்னைக் கவனித்துவிட்டு, "குடிடா, வெஷம் வைக்கறதுன்னா இருபத்தாறு வருஷம் முன்னாடியே வெச்சிருப்பேன்" என்றான்.

பிறகு, "ராங்கெல், கும்மை எதுக்கு மாத்துவாங்க? சொல்லு" என்று கேட்டான். சண்டை வந்தால் மாற்றுவார்கள் என்றேன். "சண்டை வந்தா பேச மாட்டாங்க. மாத்த மாட்டாங்க. பணம் வந்தா, பகை வந்தா, பைத்தியம் புடிச்சாக்கூட மாத்த மாட்டாங்க. ஒரே ஒரு காரணத்துக்குத்தான் மாத்துவாங்க. அந்தக் காரணத்துக்கு மாத்தினா கும் கோவிச்சுக்கவும் கூடாது." அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் சொல்வேன் என்று. நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

அவனேதான் சொன்னான். அவன் கொள்ளுத்தாத்தாவையே மலைமேல் ஒரு வீட்டில் அப்படி மாற்றியிருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத அந்த வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்ததும், விடியும்போது துணியில் சுற்றி எடுத்துப்போய் நாலு வழி சேருகிற இடத்தில் வைத்துவிட்டு, தாயும் தகப்பனும் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்களாம். முதலில் அந்த வழியாக யார் வருகிறாரோ அவர் தூக்க வேண்டும். தூக்கினவர்தான் புதுக் கும். பிள்ளைக்கு நைதன், நைதனா என்று பேர். "சாவு அந்த வீட்டுக்கு வழி கத்துக்கிச்சுன்னா என்ன பண்ணுவே? இந்தப் புள்ள இந்த வீட்டுது இல்ல, ரோட்ல கெடந்துச்சு, யாரோ கண்டெடுத்தாங்கன்னு சொல்லணும். அது ஏமாந்து போயிரும்" என்றான். பழைய கும் வருத்தப்பட்டாரா என்று கேட்டேன். "வருத்தமா? ஞானஸ்நான விருந்துக்கு ஆட்டுக்கடாவை அவரே தோள்ல போட்டுக்கிட்டுப் போனாராம்."

முடிதிருத்தும் கடையில் பெயரைக் கேட்டவுடனே அவனுக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறான் என்று நான் நாலு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கண்ணாடியை எடுத்துக்கொண்டு ரைனாவிடம் போனேன். பதிவேட்டைக் கேட்பதற்கு முன்னாலேயே அவள் திறந்து வைத்துவிட்டாள். நைதனாவுக்கு மேலே ஐந்து வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சின்னச் சிலுவை. மூன்று நாள், இரண்டு மாதம், ஒரு நாள், அப்படி. நைதனாவின் வரியில் சிலுவை இல்லை. அதற்குப் பதிலாக, பத்தொன்பது வருஷம் கழித்து வேறு மசியில், கல்யாணம் என்று எழுதியிருந்தது. அவள் போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் போனாளாம், எழுபத்து மூன்று வயதில், கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டு. "வாய் ஓயாது, கடைசி நாள் வரைக்கும் மருமகளைத் திட்டினா" என்றாள் ரைனா. பத்திக்காகவா என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை, ருமெனா. சுவர்களைப் பற்றிக் கேட்டதையெல்லாம் மறந்துவிடு. இரண்டு தடவை காகிதம் ஒட்டினீர்கள், அம்மா கூட இருந்தாள், நல்லது. அவள் இருந்ததற்குச் சந்தோஷப்படுகிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். அதற்கு முன்னால் அலமாரியில் வெட்டி வைத்திருந்த என் பத்திகளைப் புரட்டினேன். அந்தச் சட்டையைப் பற்றி எழுதினது கையில் அகப்பட்டது. தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி 85. அம்மா உன்னிடமிருந்து திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். இந்த மாதம் பத்தி எழுதவில்லை. ஆசிரியர் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஒரு விண்ணப்பம். வியன்னாவில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நாலு முனைச் சந்தியில் ஒரு குழந்தையை வைத்தால் முதலில் வருகிறவன் போலீஸ்காரனாகத்தான் இருப்பான். அவனும் நல்லவனாக இருக்கலாம், ஆனால் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் படிவம் நிரப்பச் சொல்வான். குழந்தை பிறந்து, நீ பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் இங்கே வந்துவிடுங்கள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாலு தெரு சேருகிறதே, பேக்கரிக்கு எதிரே, அங்கே வேலி இன்னும் இருக்கிறது, ஒளிந்துகொள்ள வசதி. காலை ஐந்தரைக்கு ரொட்டிக்கு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். இந்த வாரம் நாலு நாள் போய் நின்று பார்த்தேன். ஒரு தாதி வருகிறாள், ரயில்வேயில் வேலை செய்கிற ஒரு ஒல்லி மனிதர் வருகிறார், சைக்கிளில் ஒரு வாத்தியார். ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தேன், பழக்கதோஷம். யாரிடமும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. யார் வருகிறாரோ அவரே கும். நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், ஜாடை காட்ட மாட்டேன், வேலிக்குப் பின்னால் வாயைத் திறக்க மாட்டேன். சோதிர் என்னை நம்பவில்லை, வாயில் ஒரு துண்டு ரொட்டியை வைத்துக்கொள் என்கிறான்.

அவன் அந்தத் தெருவில்தான் இருக்கிறான், உனக்குத் தெரியுமே. அன்று காலை வீட்டை விட்டு வெளியே வர மாட்டானாம், ஜன்னல்கூடத் திறக்க மாட்டானாம், தப்பித் தவறி முதல் ஆளாக அவனே எதிர்ப்பட்டுவிடக் கூடாதென்று. ஜெனரலையும் கட்டிப் போடுகிறானாம். நீ அவனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். அவன் சொல்லச் சொன்னது இதுதான்: "பொண்ணுகிட்ட சொல்லு, கெடா என்னோடது."

இன்று மதியம் அம்மா அந்த மஞ்சள் நூலைக் கொண்டுவந்தாள். சட்டைக்குக் கழுத்து ஆகிவிட்டது, ஒரு கை ஆகிவிட்டது. நூல் போதவில்லையாம், அதே மஞ்சளில் இன்னொரு சிட்டம் வாங்கியிருக்கிறாள், உருண்டையாகச் சுற்ற வேண்டும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். நான் கைகளை நீட்டினேன். அவள் சிட்டத்தை என் மணிக்கட்டுகளில் மாட்டிவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, ஒண்ணும் கேக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். "ஐந்தாண்டுத் திட்டம், அது இதுன்னு?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கையைத் தாழ்த்தாதீங்க, நூல் சிக்கும்" என்றாள். பாதியில் அவள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், நான் நழுவி வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

நைதனா என்று ஆளில்லாத நேரத்தில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். பையன் என்றாலும் பரவாயில்லை.

படியில் மெதுவாக இறங்கு. ஈரத் துணிக் கூடையை வேறு யாராவது தூக்கட்டும். நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நீ நன்றாக இரு, மகளே, மற்றதை நாங்கள் வேலிக்குப் பின்னால் பார்த்துக்கொள்கிறோம். அம்மா கூப்பிடுகிறாள். இரண்டு கையும் வேண்டுமாம், அதனால் பேனாவை வைக்கிறேன். இந்தத் தடவை கையைத் தாழ்த்த மாட்டேன்.

உன் அப்பா,
ராங்கெல்